வானம் சிரித்த நாள்

கட்டட வேலை பார்க்கும் தம்பிகளே, போன மாதம் என்னை உங்கள் வேலைத்தளத்துக்கு அழைத்துக் காபியும் மரியாதையும் கொடுத்தீர்கள். இரண்டும் சூடாக இருந்தன. சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, சிமெண்டுக் கொட்டகையின் வாசலில் ஒரு தகரப் பெட்டி தொங்குவதைக் கவனித்தேன். 'ஆபத்து ஏதும் கண்டால் எழுதி இதில் போடவும்' என்று சிவப்பு எழுத்தில் அழகாக எழுதியிருந்தீர்கள். எனக்குக் கை சும்மா இருக்காது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு பீடிக்கட்டுக் காகிதமும், குளவி கட்டிய மண்கூடும் இருந்தன.

"என்ன செய்ய சார், பெட்டி வச்சு ஆறு மாசமாச்சு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாக" என்று உங்களில் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

அந்தப் பெட்டியைக் குளவி நம்பிய அளவுகூட ஆட்கள் நம்பவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஓய்வு பெற்றவன் அடக்கித்தான் வாசிக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெட்டி மனதை விட்டுப் போகவில்லை. அதே புலம்பலை நானும் ஒரு காலத்தில் புலம்பியிருக்கிறேன். என் ஆட்கள் வாயே திறப்பதில்லை என்று மேலதிகாரியிடம் குறைகூடச் சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால் அவர்கள் சொன்னார்கள். எனக்குத்தான் காது இல்லாமல் இருந்தது. காது முளைத்த கதையைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மார்க்கையன்கோட்டைக்கும் தேவாரத்துக்கும் நடுவில், மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும் ஓர் ஓடையின் குறுக்கே மூன்று கண், அதாவது மூன்று வளைவு கொண்ட கல்பாலம் கட்டும் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த ஓடையில் மணல்தான் கிடக்கும். ஐப்பசியில் மலையில் மழை பிடித்தால் மாட்டையும் வண்டியையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போகும். அதனால் தை மாதம் தொடங்கும் வேலை ஐப்பசிக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். நான் ஓவர்சியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. மண்ணைப் புத்தகத்தில் படித்தவன். தலையில் வெள்ளைச் சோலாத் தொப்பி, கையில் கடிகாரம், மூக்கு நுனியில் கோபம். இந்த மூன்றும் இருந்தால் வேலை தானாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்வேலைக்கு வந்தவர்களில் பேச்சியம்மாள் என்று ஒரு சித்தாள் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அவருடைய கணவர் மாயாண்டி குழிக்குள் இறங்கிக் கடப்பாரை போடுகிறவர். குழியிலிருந்து மேலே வரும் மண்கூடையை வாங்கி அடுத்த தலைக்கு மாற்றிவிடுவது பேச்சியம்மாளின் வேலை. ஆகவே நாள் முழுதும் குழியின் விளிம்பிலேயே நிற்பார். அப்போது நான் அவரை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிட்டேன். இந்தக் கட்டுரை முழுக்க 'அவர்' என்று எழுதப் போகிறேன். பழைய பாக்கி.

மாசி மாதம் ஒரு நாள். முதல் தூணுக்கு அஸ்திவாரம் இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. மதியம் இன்ஜினீயர் பார்வையிட வருவதாகத் தகவல். அதற்குள் இன்னும் ஒரு முழமாவது இறக்கிவிட வேண்டும் என்று எனக்குப் பரபரப்பு. கடிகாரத்தைப் பார்ப்பதும் குழியைப் பார்ப்பதுமாக நின்றேன். பேச்சியம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அய்யா, வானம் சிரிக்குதுய்யா."

நான் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். மாசி வெயில். மலைமேல்கூட ஒரு பொட்டு மேகம் இல்லை. துடைத்து வைத்தது போல் இருந்தது.

"சிரிச்சா நல்லதுதானே? மழை வராதுன்னு அர்த்தம். போ புள்ள, கூடைய எடு."

"மேல இல்லய்யா. இங்கன..."

"வேலையப் பாருன்னா பாரு. வாய்க்கும் சேத்தா கூலி குடுக்காக?"

நீங்கள் எல்லாம் இன்று பவுண்டேஷன் என்று சொல்லிப் பழகியவர்கள். உங்களுக்கும் புரிந்திருக்காது. நம் பக்கத்தில் அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று பெயர். வீடு கட்டுகிறவர்கள் 'வானம் தோண்டியாச்சு' என்பார்கள். சிரிக்கிறது என்றால் வெடிப்பு விட்டிருக்கிறது, வாய் பிளந்திருக்கிறது என்று பொருள். எங்கள் கடையில் நைந்த துணியைப் பார்த்து அப்பாவே 'இது சிரிக்குதுடா, எடுத்து உள்ளே வை' என்பார். ஆக இரண்டு வார்த்தையும் எனக்குத் தெரியாத வார்த்தைகள் அல்ல. ஆனால் அவசரத்தில் இருக்கிறவனுக்கு எந்த வார்த்தைக்கும் ஒரே அர்த்தம்தான். தனக்கு வசதியான அர்த்தம்.

அவர் ஏன் 'மண் சரியப் போகிறது' என்று நேராகச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கட்டுமான இடத்தில் சரியும், விழும் என்ற சொற்களை வாயில் எடுக்க மாட்டார்கள். இருட்டிய பிறகு பாம்பைப் பூச்சி என்கிறோம். விளக்கை அணை என்னாமல் குளிர வை என்கிறோம். அதே வழக்கம்தான். கெட்டதை வாயால் சொன்னால் அது பத்து அடி கிட்டே வந்துவிடும் என்று ஒரு பயம்.

பேச்சியம்மாள் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு குழிப்பக்கம் திரும்பி, "கஞ்சி ஆறுது, எல்லாரும் ஏறி வாங்க!" என்று கத்தினார். அது கஞ்சி நேரமே இல்லை. நான் அதட்ட வாய் திறந்தேன். அதற்குள் உள்ளே இருந்த மூவரில் இருவர் ஏணியில் ஏறி வந்துவிட்டார்கள். கஞ்சி என்றால் யார் நேரம் பார்ப்பார்கள்? மாயாண்டி மட்டும் வரவில்லை. "இந்தக் கல்ல நெம்பிட்டு வாரேன்" என்று குரல் வந்தது.

குரல் முடிவதற்குள் ஒரு பக்கம் முழுதும் இறங்கிவிட்டது. மண் சரிவது பெரிய சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன். மூட்டை சாய்ந்த மாதிரி பொத்தென்று ஓர் ஓசை, அவ்வளவுதான். புழுதி அடங்கியபோது மாயாண்டியின் தலையும் ஒரு கையும் வெளியே தெரிந்தன. ஒருவர் மண்வெட்டியோடு குதிக்கப் போனார். "மம்பட்டியப் போடாதீக, கையால அள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே பேச்சியம்மாள் இறங்கினார். இறங்குகிற வழியில் என் தலையிலிருந்த தொப்பியைப் பறித்துக்கொண்டு போனார். அந்தத் தொப்பியால்தான் தன் கணவரின் மார்பைச் சுற்றியிருந்த மண்ணை அள்ளி அள்ளி வீசினார். நான் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். அதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மாயாண்டி உயிரோடு வெளியே வந்தார். இடது தொடை முறிந்திருந்தது. வண்டியில் வைக்கோல் பரப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அன்றைக்கு மற்ற இருவரும் பொய்க் கஞ்சியால் பிழைத்தார்கள். அந்த இருவரின் பேரப்பிள்ளைகள் இன்று மார்க்கையன்கோட்டையில் கடை வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கடையில் காசு வாங்க மாட்டார்கள். அந்த நன்றி போய்ச் சேரவேண்டிய இடம் பேச்சியம்மாள் வீடு என்று நான் சொல்லியும் கேட்பதில்லை.

இதுவரை நடந்தது விபத்து. இனிமேல் எழுதப் போவதுதான் தப்பு.

இன்ஜினீயர் மதியம் வந்தார். அதிகம் பேசாத மனிதர். சரிந்த இடத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாராவது முன்னாலேயே சொன்னாங்களா?"

"இல்லை சார்."

இரண்டே சொல். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கலியாணம் நிச்சயமாகியிருந்தது. நாக்கு தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பேச்சியம்மாள் வண்டியோடு போயிருந்தார். மறுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை.

ஆனால் அவர் என்னிடம் சொன்னதைப் பக்கத்தில் கூடை சுமந்தவர்கள் கேட்டிருந்தார்கள். மறுநாள் காலை தளம் முழுக்க ஒரே பேச்சு. "அவ சொன்னா, அது நடந்துருச்சு. கருநாக்குக்காரி." நாக்கில் கருப்பு இருப்பவர் சொன்னது பலித்துவிடும் என்ற நம்பிக்கை உங்களுக்கும் தெரிந்ததுதான். கட்டின புருஷனையே வாய்வைத்துப் புதைக்கப் பார்த்தாள் என்று பேசினார்கள். ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரி, "அந்தப் புள்ள இனிமே இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'அவர் எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை' என்று. சொல்லவில்லை. இரண்டு பேர் உயிரைக் காப்பாற்றிய பெண் வேலையும் பேரும் கெட்டு வீட்டில் உட்கார்ந்தார். நான் புதுத் தொப்பி வாங்கினேன்.

இருபது நாள் போயிருக்கும். அடுத்த தூணுக்கு வானம் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நானே தினமும் விளிம்பைச் சுற்றி வந்தேன். ஒரு காலையில் குழியின் தெற்கு மூலையில் ஓர் எலுமிச்சம்பழம் கண்ணில் பட்டது. நாலாகப் பிளந்து குங்குமம் தடவி வைத்திருந்தது. பக்கத்தில் கொஞ்சம் திருநீறு. குனிந்து பழத்தை நகர்த்தினேன். அடியில் விரல் நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு ஓடியது. பழம் காய்ந்திருந்தது. வைத்து இரண்டு நாளாவது இருக்கும். இரண்டு நாளும் நான் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன்.

எல்லோரையும் மேலே ஏற்றினேன். மூத்த கொத்தனாரைத் தனியே கூப்பிட்டு, "இத எல்லாரும் பாத்திருக்கீக. ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சொன்ன புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு பாத்தம்ல? சாமிகிட்டச் சொல்லிருக்கம்யா. சாமி வையாது."

தம்பிகளே, என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாடங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. அவர்கள் ஆபத்தைப் பார்த்தார்கள். அதைத் தெரிவிக்கவும் செய்தார்கள். திட்டாத இடத்தில் தெரிவித்தார்கள். அந்த எலுமிச்சம்பழம்தான் அன்றைய புகார்ப் பெட்டி. அது எனக்கு வராமல் சாமிக்குப் போனதற்கு நான்தான் காரணம்.

அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லாதவன் பழத்தைத்தான் முன்னால் நீட்டுவான். மாயாண்டி கயிற்றுக் கட்டிலில் காலில் மூங்கில் பத்தை கட்டிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்கய்யா. அந்தக் கல்லு என்ன ஆச்சு? நெம்பியாச்சா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேச்சியம்மாள் உள்ளேயிருந்து வந்தார். பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"வேலைக்குக் கூப்பிட வந்தேன்" என்றேன்.

"எதுக்கு? நான் அங்கன வந்து நின்னா ஒரு ஆளு கிட்ட வர மாட்டாக. ஊருக்குள்ள தண்ணிக்குப் போனாக்கூட 'வாய மூடிக்கிட்டுப் போத்தா'ங்குறாக. புள்ளைக்குக் காய்ச்சல்னா எங்காதுல விழாம மறைக்கிறாக. எங்க சின்னம்மா மகளுக்குப் பூ வைக்கப் போறாக, என்னையக் கூப்புடல." குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் ஒண்ணு கேக்கேன்யா. நாஞ் சொன்னது உங்ககிட்டத்தேன? பெரியவுக வந்து கேட்டப்ப அதச் சொன்னீகளா?"

"இல்ல."

"அத நாலு பேரு முன்னால சொல்லுங்க. அப்பறம் வாரேன்."

அவ்வளவுதான் பேச்சு. பழத்தை மாயாண்டி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வழி முழுக்கக் கணக்குப் போட்டேன். சொன்னால் வேலை போகலாம். பெண் வீட்டார் பின்வாங்கலாம். அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அடுத்த எலுமிச்சம்பழம் என் கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான். நான் தங்கியிருந்த சின்னமனூர் எல்லைக்கு வந்தபோது சைக்கிளை விட்டு இறங்கி நடந்தேன்.

இரண்டு நாள் கழித்து இன்ஜினீயர் வந்தார். காலையில் ஆட்களின் பெயர் கூப்பிடுகிற நேரம். முப்பது பேர் நின்றார்கள். பேச்சியம்மாளுக்கு ஆள் அனுப்பியிருந்தேன். தூரத்தில் புங்கமரத்தடியில் தனியாக நின்றார். நான் இன்ஜினீயர் முன்னால் போய் நின்று, அனைவருக்கும் கேட்கிறபடி சொன்னேன்.

"சார், அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு இல்லைன்னு சொன்னேன். அது பொய். இந்தம்மா எங்கிட்ட வந்து வானம் சிரிக்குதுன்னு சொன்னாங்க. நான் தலையத் தூக்கி மேல பாத்தேன். வெயில் அடிக்குது, போய் வேலையப் பாருன்னு வைதேன். தப்பு என்னுது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அய்யா மேல பாத்தாகளாம்டி!" என்றது. உடனே ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் தளம் முழுக்கச் சிரிப்பு. சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் பிடித்தபடி குலுங்கினார். மேஸ்திரிகூட உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடைப்பக்கம் திரும்பினார். எனக்குக் காது சிவந்தது. ஆனால் அந்தச் சிரிப்போடு கருநாக்குப் பேச்சும் கரையத் தொடங்கியது. அத்தனை நாளும் பேச்சியம்மாள் தலைமேல் இருந்த பழி, ஒரு முட்டாள் ஓவர்சியர் ஆகாயத்தைப் பார்த்த கதையாக மாறி என் தலைக்கு வந்துவிட்டது. எனக்கு அது தகும்.

இன்ஜினீயர் சிரிக்கவில்லை. "எழுதிக் குடுங்க. ஒரு வருஷ இன்கிரிமெண்ட் போகும்" என்றார். "போகட்டும் சார்" என்றேன். அவர் புங்கமரத்தைப் பார்த்துவிட்டு, "அந்தம்மா பேரை மறுபடி ஆள்கணக்கு மஸ்டர்ல ஏத்துங்க" என்றார். பிறகு ஜீப்பில் ஏறிப் போனார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அந்தக் காலத்தில் அவருக்கும் சைக்கிள்தான். ஏறிப் போய்விட்டார். அவர் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அந்த மனிதருக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க வழியே கிடைக்கவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், கடப்பாரையைத் தொடுவதற்கு முன்னால், ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். "இன்னைக்கு எது சிரிக்குது?" முதல் நாள் பேச்சியம்மாளைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"என்னைய மட்டும் கேக்காதீகய்யா. மறுபடி நாந்தேன் கருநாக்கு ஆவேன். எல்லார்ட்டயும் கேளுங்க. எல்லா நாக்கும் கருத்துருச்சுன்னா எந்த நாக்கும் கருப்பில்ல."

இன்று பெரிய பெரிய புத்தகங்கள் இதைப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. வாங்கிப் படியுங்கள், தப்பில்லை. நான் ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

எல்லோரிடமும் கேட்டேன். நான்கு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள், வாய்த்துடுக்கான ஒரு கொத்தனார், "அய்யா, மேஸ்திரி வேட்டி சிரிக்குதுய்யா" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு அவமானப்பட்டு ஒன்றைத் தொடங்கினால் கேலியா செய்கிறாய் என்று வாய்வரை வந்துவிட்டது. பேச்சியம்மாள் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் புரிந்தது, அந்தக் கொத்தனார் ஆழம் பார்க்கிறார் என்று. கால் வைப்பதற்கு முன்னால் கம்பை விட்டுப் பார்ப்பது போல.

நான் நடந்து போய் மேஸ்திரியின் பின்னால் குனிந்து, கோவில் சிலையைப் பார்ப்பது போல் நிதானமாகப் பார்த்தேன். "ஆமா, சிரிக்குது. மேஸ்திரி, சாரத்துல ஏறும்போது கிழிசல் ஆணியில மாட்டும். மாத்திக்கிட்டு வாங்க" என்றேன். மேஸ்திரி முறைத்துக்கொண்டே போய் மாற்றிவிட்டு வந்தார். மறுநாள் அதே கொத்தனார், "ஏணியில மூணாவது படி சிரிக்குது" என்றார். போய்ப் பார்த்தால் கட்டு நைந்திருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு பேர் சொன்னார்கள். ஒரு மாதத்தில் நான் கேட்கும் முன்பே சொல்லத் தொடங்கினார்கள். பாதி ஒன்றுமில்லாததாக இருக்கும். போய்ப் பார்ப்பேன். சொன்னவரையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். "ஒண்ணுமில்லைதான், சொன்னது நல்லது" என்பேன். என் கோபத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் தெரியும்.

புரட்டாசி கடைசி வாரம். மூன்றாவது கண்ணின் வளைவு. கல் வளைவு கட்டும்போது அடியில் மரத்தாலே தாங்கல் போடுவோம். உச்சிக் கல் உட்கார்ந்து சாந்து இறுகும் வரை அந்த மரமும் அதன் முட்டுகளும்தான் மொத்தக் கனத்தையும் சுமக்கும். அன்று உச்சிக் கல் வைக்க வேண்டும். சாந்து குழைத்தாகிவிட்டது. மேற்கு மலை கறுத்துக் கிடந்தது. இன்ஜினீயர் வந்து தாங்கலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் கேட்டேன்.

"இன்னைக்கு எது சிரிக்குது?"

மேஸ்திரி முன்னால் வந்தார். பேச்சியம்மாளை விரட்டிய அதே மேஸ்திரி.

"முட்டு சிரிக்குதுய்யா. கெழக்கு ஓரத்துல ரெண்டு. நான் வச்ச முட்டுதேன்." கடைசி வாக்கியத்தை அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

இன்ஜினீயர் முகம் சுளித்தார். "நேத்து நான் பாத்தேன், சரியா இருந்துச்சு. மழை வந்துச்சுன்னா மொத்தத்தையும் ஓடை கொண்டுபோகும். தெரியுமில்ல?"

தெரியும். இன்று வைக்காவிட்டால் சாந்து வீண். இரண்டு நாள் தள்ளிப்போனால் வெள்ளம் வரலாம். ஒன்பது மாத உழைப்பு. என் சர்வீஸ் புத்தகத்தில் ஏற்கெனவே ஒரு கறுப்பு வரி. நான் மேஸ்திரியைப் பார்த்தேன். தன் வேலையில் குறை இருக்கிறது என்று பெரிய அதிகாரி முன்னால் அவராக வந்து சொல்கிறார். அவருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. அப்படிப்பட்ட வாய் சும்மா திறக்காது.

"நிறுத்தறேன் சார்" என்றேன். "தப்பா இருந்தா ஒரு நாள் போச்சு. சரியா இருந்தா..."

அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. ஒன்பது மாதத்தில் நானும் அவர்களில் ஒருவனாகியிருந்தேன். அந்தச் சொல்லை என் வாயும் எடுக்க மறுத்தது.

மேஸ்திரி குனிந்து கிழக்கு ஓரத்து முட்டின் அடியில் கை விட்டார். சுத்தியலால் அடித்து இறுக்கியிருந்த ஆப்பு, பல் விழுந்த மாதிரி சுலபமாக அவர் கையோடு வந்தது. இராத்திரி ஊற்றுத்தண்ணீர் பாய்ந்து அடிமண் இளகியிருந்தது. அந்த ஆப்பை அவர் இன்ஜினீயரின் உள்ளங்கையில் வைத்தார். இன்ஜினீயர் ஆப்பைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலிருந்த கல்லைப் பார்த்தார். பூனை நடப்பது போல் மெல்ல வெளியே வந்தார்.

குழைத்த சாந்தைக் கொட்டினோம். இரண்டு நாள் முட்டுகளை மாற்றினோம். மூன்றாம் நாள் உச்சிக் கல் உட்கார்ந்தது. மழை அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அன்று நிறுத்தாமல் வைத்திருந்தால் தாங்கியிருக்குமா, இல்லையா? எனக்குத் தெரியாது. நடக்காமல் போனதற்குச் சாட்சி கிடையாது. இந்தத் தொழிலில் உங்களுக்கு யாரும் மாலை போட மாட்டார்கள் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஆட்கள் சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதுதான் மாலை.

உங்கள் பெட்டியைக் கழற்றச் சொல்லவில்லை. குளவி குடியிருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நாளைக் காலையில் நீங்களே நின்று கேளுங்கள். சொன்னவர் பக்கத்தில் எல்லோரும் பார்க்க நடந்து போங்கள். முதலில் வேட்டியைத்தான் சொல்வார்கள். வேட்டியையும் போய்ப் பாருங்கள்.

பாலம் திறந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். புதுப் பாலத்தில் முதலில் நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி நடக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். யாரை விடுவது என்று ஆட்களே கூடிப் பேசினார்கள். மேஸ்திரிதான் வந்து கூப்பிட்டார்.

"ஏத்தா பேச்சி, கொடத்த எடு. நீதேன் முன்னால போகணும்."

கருநாக்கு என்று யார் வீட்டுச் சுபகாரியத்துக்கும் கூப்பிடாமல் ஒதுக்கிய பெண்ணை ஊர் முன்னால் நிறைகுடம் எடுக்கச் சொன்னார்கள். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டு குடத்தை இடுப்பில் வைத்தார். பின்னால் மாயாண்டி, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். அதற்கும் பின்னால் நாங்கள். முதல் தூணுக்கு மேல் வந்ததும் பேச்சியம்மாள் சட்டென்று நின்றுவிட்டார். மாயாண்டி புதைந்த இடத்துக்கு நேர் மேலே. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "அய்யா" என்றார்.

கூட்டம் அப்படியே உறைந்தது. மேளக்காரர் கோலைத் தூக்கியபடி நின்றார். இந்தத் தடவை நான் மேலே பார்க்கவில்லை. குனிந்து, அவர் நின்ற கல்லையே பார்த்தபடி கேட்டேன்.

"என்னம்மா, எது சிரிக்குது?"

"ஒண்ணும் சிரிக்கலய்யா. நாந்தேன் சிரிக்கேன்."